முட்டை குறைந்த கோழிக்கு நோக்குளிசை கொடுக்கலாமா?

வந்திருந்த இடத்தில் நாலைந்து கோழிகளை வைத்துச் சீவியத்தை ஓட்டும் குடும்பங்களுக்கு ஒரு முட்டை குறைவதும் பெரிய காரியந்தான். இரண்டு வயது கடந்த பேடு முட்டையைக் குறைத்து, காலையும் நொண்டினால், வீட்டிலுள்ள அஸ்பிரின் குளிசையைத் தண்ணீரில் கரைத்து வைக்க மனம் ஏவும். வேண்டாம் என்றே நாம் சொல்வோம்.

முட்டை வெளிவர, ஓடு உருவாகும் பை சுருங்கித் தள்ள வேண்டும். அதற்கு உதவுவது புரோஸ்ரகிளாண்டின் என்னும் பொருள். வீக்கத்தையும் நோவையும் உண்டாக்குவதும் இதே வகைப் பொருள்தான். அஸ்பிரின், இந்தோமெதசின் போன்றவை இது உடலில் உண்டாவதைத் தடுக்கின்றன. 1970களில் பேடுகளுக்கு இந்தோமெதசின் கொடுத்துப் பார்த்தபோது, இட வேண்டிய நேரத்தில் முட்டை இறங்காமல் பிந்தியது. காலுக்குக் கொடுத்த மருந்து முட்டையை மறிக்கிறது!

ஸ்டீரொயிட் குளிசை இதிலும் மோசம். கோழி பயந்து கலங்கும்போது அதன் உடலில் சுரக்கும் பொருளை ஒத்தது அது. அளவு கூடினால் சூலகம் சுருங்கி முட்டை நின்றுவிடும். நோயை எதிர்க்கும் சக்தியும் குன்றும்.

அழற்சியால் முட்டை குறைவது மெய்தான். கிருமி தொற்றிய கோழி தீன் குறைத்துத் தின்னும். அதன் ஈரலும் மஞ்சட்கருவுக்கு வேண்டியதை விட்டு நோயோடு போராடுவதற்கானதையே செய்யும். ஆனபடியால் காரணத்தைத் தேடுங்கள். பாதத்தைத் திருப்பி முள்ளோ சீழ்க்கட்டியோ இருக்கிறதா என்று பாருங்கள். வயிறு வீங்கியிருந்தால் மிருக வைத்தியரிடம் கொண்டுபோங்கள்.

பிள்ளைகள் தின்னும் முட்டையையும் நினைக்க வேண்டும். மஞ்சட்கரு பருத்து முடிய ஒரு வாரத்துக்கு மேல் செல்லும். இன்று கொடுத்த மருந்து அடுத்த வாரத்து முட்டையிலும் இருக்கலாம். வைத்தியர் மருந்து தந்தால் எத்தனை நாள் முட்டையை விலக்க வேண்டும் என்று கேட்காமல் வரவேண்டாம். (பறவைக்குப் பறவை தாங்கும் அளவு வேறு. டைக்ளோபெனக் ஏற்றிய மாடுகளின் இறைச்சியைத் தின்ற பிணந்தின்னிக் கழுகுகள் இந்தியாவில் 1990கள் தொட்டுச் சிறுநீரகம் பழுதாகிக் கூட்டங்கூட்டமாக மடிந்தன. மாடுகளுக்கு அதைக் கொடுப்பதை 2006இல் அங்கு தடைசெய்தார்கள்.)

முதுமைக்கு மருந்து இல்லை. வயது ஏற ஏற முட்டை குறையும், ஓடும் மெலியும். ஓர் ஓட்டில் ஏறக்குறைய 2 கிராம் கல்சியம் உண்டு. அதன் பெரும்பகுதி இரவில் படிகிறது. எனவே இடித்த சிப்பியைச் சிரட்டையில் தனியாகப் பின்னேரத்தில் வையுங்கள்.

எந்தப் பேட்டை வைத்திருப்பது என்று அறிய, எச்சவாயின் இருபுறமும் உள்ள எலும்புகளுக்கிடையே விரல் வைத்துப் பாருங்கள். இரண்டு, மூன்று விரல் நுழைந்தால் இடுகிறது. ஒரு விரலே நுழைந்து, பூவும் வெளிறிச் சுருங்கியிருந்தால், இறகுதிர்க்கும் காலமா என்று பாருங்கள். அதுவும் இல்லையென்றால் உடம்பில் இறைச்சி இருக்கும்போதே விற்றுவிடுங்கள். மருந்து கொடுத்த கோழியாயின் வைத்தியர் சொன்ன நாட்கள் கழிந்த பின்னரே விற்க வேண்டும்.