லேப்டாப்பில் தீராத கோளாறு

இருங்காட்டுக்கோட்டை ஹூண்டாய் ஆலையில் 2019இல் கோனா மின்சாரக் கார் தயாராகத் தொடங்கியது. 2020 டிசம்பரில், இந்தியாவில் விற்ற 456 கோனாக்களைப் பரிசோதனைக்குத் திரும்ப அழைத்தார்கள். உயர் மின்னழுத்த பேட்டரியில் கோளாறு இருக்கலாம் என்ற சந்தேகம். தென்கொரியாவில் அதற்குள் பல கோனாக்கள் தீப்பிடித்திருந்தன.

அங்கே முதலில் செய்தது சாஃப்ட்வேர் அப்டேட். பேட்டரிக்குள் இருக்கும் செல்களின் மின்னழுத்தத்தையும் வெப்பத்தையும் ஒரு சிறு கணினி ஓயாமல் கண்காணிக்கிறது. அளவுகளில் முரண் தெரிந்தால் முன்பைவிடச் சீக்கிரம் உஷாராகும்படி அதன் நிரலை மாற்றினார்கள். ஆனால் அப்டேட் போட்ட கார் ஒன்றே 2021 ஜனவரியில் தேகு நகரில் எரிந்தது.

சீனாவின் நான்ஜிங் ஆலையில் செய்த சில செல்களில் எதிர்மின்வாயின் முனைத்தகடு மடங்கியிருந்ததை விசாரணை காட்டியது. அந்த இடத்தில் லித்தியம் உலோகமாகப் படிந்து நேர்மின்வாயைத் தொட்டால் ஷார்ட் சர்க்யூட் ஆகலாம். மடங்கிய தகட்டை எந்த நிரலாலும் நிமிர்த்த முடியாது. கடைசியில் உலகெங்கும் சுமார் 82,000 வாகனங்களுக்கு பேட்டரியையே மாற்ற ஹூண்டாய் முன்வந்தது. செலவு ஏறக்குறைய 1 லட்சம் கோடி வோன்!

சாஃப்ட்வேர் என்றாலே கண்துடைப்பு என்று சொல்லவில்லை. 2022இல் கியா 44,174 கேரன்ஸ் கார்களைத் திரும்ப அழைத்தது, ஏர்பேக்கை இயக்கும் கணினியின் நிரலில் பிழை இருக்கலாம் என்பதற்காக. மோதிய சில மில்லி விநாடிகளில் பையை விரிப்பதா வேண்டாமா என்று முடிவெடுப்பது அந்த நிரல்தான். பிழையே அங்கே என்றால் லேப்டாப்பைச் செருகித் திருத்துவதுதான் முறையான வைத்தியம். ஆகவே சர்வீஸ் சென்டரில் வண்டியை விடும்போது கேட்க வேண்டியது, கோளாறு நிரலிலா, பாகத்திலா என்பதே. பதிலை ஜாப் கார்டில் எழுதி வாங்கிக்கொள்வது நல்லது.

செய்யாற்றங்கரையில் இருக்கும் நம் மாகறலுக்குக் கோனாவைவிட நெருக்கமானது புல்லட். ஒரகடத்திலும் வல்லம் வடகாலிலும் ஆலை வைத்திருக்கும் ராயல் என்ஃபீல்டு, 2021 மே மாதம் 2,36,966 வண்டிகளைத் திரும்ப அழைத்தது. 2020 டிசம்பர் முதல் 2021 ஏப்ரல் வரை தயாரானவை. கோளாறு இக்னிஷன் காயிலில். பத்து சதவீதத்துக்கும் குறைவான வண்டிகளுக்கே காயில் மாற்ற வேண்டியிருக்கும் என்றது நிறுவனம். வண்டி 'மிஸ்ஸிங்' அடித்தால் ஊர் மெக்கானிக் பிளக்கைக் கழற்றித் துடைப்பார், பெட்ரோலைத் திட்டுவார். அவரைக் குறை சொல்லி என்ன பயன்? அழைப்பு அவருக்கு வருவதில்லை. வண்டி கைமாறியிருந்தால் இப்போதைய உரிமையாளருக்கும் வராமல் போகலாம். குறுஞ்செய்தி முதலில் வாங்கியவரின் போனுக்குப் போய்விடக்கூடும்.

செகண்ட் ஹேண்டில் வாங்கியவர்கள் ஆர்சியில் உள்ள சேஸி நம்பரோடு கம்பெனி சர்வீஸ் சென்டருக்குப் போய், "இந்த வண்டிக்குக் கேம்பெயின் ஏதாவது பாக்கி இருக்கா?" என்று கேட்டால் போதும் (கேம்பெயின் என்றால் இப்படிப்பட்ட திரும்ப அழைப்பு). கணினியில் தட்டிப் பார்த்துச் சொல்லிவிடுவார்கள். பாக்கி இருந்தால் வேலை இலவசம். நிறுவனம் தானாக அழைக்காவிட்டால் கட்டாயப்படுத்த 2021 ஏப்ரல் 1 முதல் விதி இருக்கிறது; அபராதம் ஒரு கோடி ரூபாய் வரை போகும். ஆனால் அந்த விதி ஏழு ஆண்டுக்கு உட்பட்ட வண்டிகளுக்குத்தான். நம் பக்கத்துக் கிராமங்களுக்குப் பல கார்கள் வந்து சேர்வதே அதற்குப் பிறகு.