பெரிய சைஸ் வேறு, ஓவர்சைஸ் வேறு

டீயை எடுத்துக்கொள்ளுங்கள் அக்கா, ஆறிவிடப் போகிறது. பையன் லூசாகக் கேட்டான், நீங்களும் இரண்டு சைஸ் பெரிதாகவே டிசர்ட் எடுத்து வந்தீர்கள். அவனோ ஒருமுறை போட்டுப் பார்த்துவிட்டு மடித்து அலமாரியில் வைத்துவிட்டான். கேட்டதைத்தானே வாங்கித் தந்தோம், இன்னும் என்னதான் வேண்டும் இவனுக்கு என்று உங்களுக்கு வருத்தம். அது திமிர் இல்லை. அவன் கேட்டதும் நீங்கள் வாங்கியதும் வேறு வேறு. என்ன வேறு என்று சொல்ல அவனுக்கு வார்த்தை வரவில்லை. திருப்பூரில் கட்டிங் மேசைக்குப் பக்கத்தில் நின்று வேலை பார்த்தவன் என்பதால் நான் சொல்கிறேன்.

‘வளர்ற பையன், ஒரு சைஸ் பெருசாவே எடு’ என்பது நம் வீடுகளில் தலைமுறை தலைமுறையாக வரும் கணக்கு. அந்தக் கணக்கில் வாங்கிய சட்டையை ஆறு மாதம் தொளதொளவென்று போட்டு, ஆறு மாதம் சரியாகப் போட்டு, பிறகு தம்பிக்குத் தள்ளுவோம். இப்போதைய பையன்கள் கேட்கும் ஓவர்சைஸ் அது இல்லை. சாதாரண டிசர்ட்டில் சைஸ் கூடக்கூட எல்லாமே கூடும்: மார்பு அகலம், உயரம், கை நீளம், கழுத்து வட்டம். ஒல்லியான பையன் டபுள் எக்ஸெல் போட்டால் கழுத்து தொங்கி காறையெலும்பு தெரியும், கீழ்விளிம்பு தொடை வரை இறங்கும். பார்ப்பவருக்கு அது அப்பா சட்டை என்றுதான் தோன்றும். அதைப் போட்டுக்கொண்டு அவன் டியூஷனுக்குப் போக மாட்டான்.

ஓவர்சைஸ் என்று வெட்டும்போது அகலத்தை மட்டும் கூட்டுவார்கள். தோள் தையல் தோள் எலும்பில் நிற்காமல் புஜத்தின் மேல் இறங்கி விழும். அதைத்தான் டிராப் ஷோல்டர் என்கிறார்கள். கை அகலமாக, முழங்கையைத் தொடும் அளவுக்கு வரும். ஆனால் உயரம் இடுப்புக்குச் சற்றுக் கீழேயே நின்றுவிடும். கழுத்து ரிப் சற்றுப் பட்டையாக, கழுத்தோடு ஒட்டி இருக்கும். இந்த இரண்டும்தான் முக்கியம். அகலம் தாராளமாக இருந்தாலும் கழுத்தும் உயரமும் கட்டுக்குள் இருந்தால்தான் வேண்டுமென்றே அப்படி உடுத்தியிருக்கிறான் என்று தெரியும். ஆகவே அவன் சைஸ் எம் என்றால் ஓவர்சைஸ் என்று தைத்ததிலும் எம்மையே எடுங்கள். அதற்கு மேல் ஒரு சைஸ் கூட்டிவிடாதீர்கள்.

அடுத்தது துணியின் கனம். ஜிஎஸ்எம் என்று கடையில் சொல்வார்களே, ஒரு சதுர மீட்டர் துணி எத்தனை கிராம் என்பதுதான் அது. வழக்கமான டிசர்ட் 160 முதல் 180 வரை இருக்கும். ஓவர்சைஸுக்கு 220, 240 என்று போடுவார்கள். மெல்லிய துணியை அகலமாக வெட்டினால் உடம்பில் ஒட்டிக்கொண்டு தொங்கும். ஒல்லிப் பையனை இன்னும் ஒல்லியாகக் காட்டும், சற்றுப் பூசினாற்போல இருப்பவனுக்கு மடிப்பு மடிப்பாக விழும். கனத்த துணி உடம்பை விட்டு விலகி நிற்பதால் இருவருக்குமே பொருந்தும். இரண்டு வகை உடம்பும் கூச்சப்படாமல் போடக்கூடிய ஒரு பாணி வந்திருப்பதை நான் நல்ல விஷயமாகவே பார்க்கிறேன். ஆனால் சித்திரை வெயிலில் 240 புழுங்கும். சென்னை, மதுரை மாதிரி ஊர் என்றால் 200க்குப் பக்கத்தில் சுத்தக் காட்டனாகப் பாருங்கள்.

கடையில் மூன்று காரியம் செய்யுங்கள். கழுத்து ரிப்பை இரண்டு கையாலும் இழுத்து விடுங்கள், பழைய வட்டத்துக்கே திரும்ப வேண்டும். சட்டையைத் தோளில் பிடித்துத் தொங்கவிட்டு, பக்கத் தையல் நேராக இறங்குகிறதா, முன்பக்கம் திரும்புகிறதா என்று பாருங்கள். இப்போதே திரும்புகிறது என்றால் துவைக்கத் துவைக்க இன்னும் முறுக்கிக்கொள்ளும். பிரிண்ட் இருந்தால் அந்த இடத்தை லேசாக இழுத்துப் பாருங்கள், விரிசல் விடக் கூடாது.

இந்த டிராப் ஷோல்டரில் உங்கள் பழைய கணக்குக்கும் ஒரு லாபம் இருக்கிறது. ஆண் பிள்ளைகளுக்குப் பெரும்பாலும் 13, 14 வயதில்தான் வளர்ச்சி வேகம் பிடிக்கும். உச்சத்தில் இருக்கும் ஆண்டில் மட்டும் 9, 10 சென்டிமீட்டர் உயர்ந்துவிடுவார்கள். அதிலும் எல்லாம் சேர்ந்து வளராது. முதலில் பாதம், பிறகு கால், கடைசியில்தான் உடம்பும் தோளும். தோள் எலும்பில் உட்கார வேண்டிய சட்டை, தோள் விரிந்தவுடன் பிடிக்க ஆரம்பித்துவிடும். ஏற்கெனவே புஜத்தில் இறங்கிய தையலுக்கு அந்தப் பிரச்சினை கிடையாது. அவன் கேட்கும் பாணியே வளர்கிற உடம்புக்கும் தோதாக அமைந்திருக்கிறது. நல்ல துணியாக எடுத்தால் ஓர் ஆண்டுக்கு மேலேயே உழைக்கும்.

பேண்ட்டிலும் இதே குழப்பம்தான். பேகி கேட்கிறான் என்று 30 இடுப்புக்கு 34 எடுத்து பெல்ட்டால் இறுக்கினால், இடுப்பைச் சுற்றி சுருக்குப் பை மாதிரி துணி கொசுவிக்கொள்ளும். பேகியிலும் ஸ்ட்ரைட் ஃபிட்டிலும் இடுப்பு அவன் இடுப்புத்தான். தொடையும் கால் வாயும்தான் அகலம். கால் வாயைத் தரையில் படுக்கையாக வைத்து அளந்து பாருங்கள். நாலைந்து ஆண்டுக்கு முன் அவன் அண்ணன்கள் போட்ட பென்சில் ஃபிட்டில் ஆறு அங்குலம் அளவில் இருந்திருக்கும். இப்போது இவர்கள் கேட்பதில் ஒன்பது, பத்து வரும். நீளம் ஷூவின் மேல் ஒரு மடிப்பு விழுகிற அளவு போதும். தரையைக் கூட்ட வேண்டியதில்லை.

நீளம் அதிகம் என்றால் டெய்லரிடம் வெட்டச் சொல்லாதீர்கள். உள்ளே இரண்டு அங்குலம் மடித்து லேசாக ஹெம்மிங் போடச் சொல்லுங்கள். கால்தான் முதலில் நீளும் என்றேனே, அப்போது பிரித்து இறக்கலாம். அடர்நீல ஜீன்ஸில் பழைய மடிப்பு வெளுத்த கோடாகத் தெரியும். வெளிர்நீலத்தில் அவ்வளவு தெரியாது. முதல் ஜீன்ஸை வெளிர்நிறத்தில் எடுக்கச் சொல்வது இதனால்தான்.

சரி, ஒரு டிசர்ட்டுக்கு இவ்வளவு ஆராய்ச்சியா என்று கேட்பீர்கள். வாரத்தில் பெரும்பாலான நாள் யூனிஃபார்ம் போட்டுக்கொண்டு போகிற பிள்ளை. அதனால்தான் அவனுக்கு இது பெரிதாகத் தெரிகிறது. கலர் டிரஸ் போடும் நாட்கள் கொஞ்சம்: பிறந்தநாள், டூர், ஆண்டு விழா, மாலை டியூஷன். அந்தக் கொஞ்ச நேரத்தில்தான் யார் எப்படி என்று அவர்களுக்குள் கணக்குப் போட்டுக்கொள்கிறார்கள். இந்த வயதில் எந்நேரமும் ஒரு கூட்டம் தன்னையே பார்த்துக்கொண்டிருப்பதாகத் தோன்றும். டேவிட் எல்கைண்ட் என்ற அமெரிக்க உளவியலாளர் 1967இலேயே இதற்குக் கற்பனைப் பார்வையாளர்கள் என்று பெயர் வைத்துவிட்டார்.

அது கற்பனைதான் என்பதற்குச் சான்றும் இருக்கிறது. கார்னெல் பல்கலைக்கழகத்தில் தாமஸ் கிலோவிச்சும் அவருடன் சேர்ந்தவர்களும் ஒரு சோதனை செய்து 2000இல் வெளியிட்டார்கள். கல்லூரி மாணவர் ஒருவருக்கு, பேரி மனிலோ என்ற பாடகரின் முகம் அச்சிட்ட டிசர்ட்டை மாட்டிவிட்டார்கள். அந்த வயதுக்காரர்கள் போட வெட்கப்படுகிற டிசர்ட் அது. மற்ற மாணவர்கள் உட்கார்ந்திருந்த அறைக்குள் அவரை அனுப்பி, பிறகு வெளியே அழைத்து, எத்தனை பேர் கவனித்திருப்பார்கள் என்று கேட்டார்கள். இப்படிப் பலரிடமும் கேட்டதில், ஏறக்குறைய பாதிப் பேர் என்று வந்தது பதில். உண்மையில் சட்டையில் இருந்தது யார் என்று சொல்ல முடிந்தவர்கள் சுமார் கால்வாசிப் பேர்தான்.

இதை அப்படியே அவனிடம் போய்ச் சொல்லிவிடாதீர்கள். ‘யாருடா உன்னைப் பாக்கப் போறா’ என்றால் அவனுக்கு ஆறுதல் வராது, பேச்சுத்தான் நின்றுபோகும். கவனிக்கிற அந்தக் கால்வாசிப் பேர் பத்தாம் வகுப்பில் வாயை மூடிக்கொண்டு இருப்பார்களா? சத்தமாகவே சொல்வார்கள். ஒரு பட்டப்பெயர் விழுந்தால் ஆண்டு முழுக்க ஒட்டிக்கொள்ளும். அவன் கேட்பது எல்லோரையும் விடப் பளிச்சென்று தெரிய அல்ல. தவறாகத் தெரியாமல் இருக்கத்தான் கேட்கிறான். இது நியாயமான ஆசை. செலவும் குறைவு. பளிச்சென்று தெரிய வேண்டுமென்றால் பெரிய பிராண்டு வேண்டும். கூட்டத்தோடு சேர்ந்து நிற்க, சரியான வெட்டும் அடக்கமான நிறமும் போதும். கறுப்பு, வெள்ளை, சாம்பல், அழுக்குப் பச்சை. இவற்றில் எதை எடுத்தாலும் எந்த ஜீன்ஸோடும் சேரும்.

பிராண்டு பற்றி ஒன்று கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். ஃபர்ஸ்ட் காப்பி ஷூ மட்டும் வாங்கிக் கொடுத்துவிடாதீர்கள். உங்கள் கண்ணுக்கும் என் கண்ணுக்கும் அசலைப் போலவே தெரியும். பையன்களுக்கோ லோகோவின் வளைவு, அடியட்டையின் தையல், அட்டைப்பெட்டி வரை அத்துப்படி. ஐந்தே நிமிடத்தில் கண்டுபிடிப்பார்கள். பெரிய பெயர் எதுவும் இல்லாத வெள்ளை ஸ்னீக்கரைப் போட்டுப் போனால் யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள். போலியைப் போட்டுப் போனால், ஷூவை விட்டுவிட்டு வீட்டின் வசதியைப் பற்றிய கேலி ஆரம்பித்துவிடும். பாதம்தான் முதலில் வளர்கிறது என்பதால் இந்த வயதில் ஷூவுக்குப் பெருந்தொகை போடுவதும் வீண். மாலையில் பாதம் சற்று வீங்கியிருக்கும்போது கடைக்குப் போங்கள். அவனை எழுந்து நிற்கச் சொல்லி, பெருவிரலுக்கு முன்னால் ஒரு சென்டிமீட்டர் இடம் இருக்கிறதா என்று அழுத்திப் பார்த்து வாங்குங்கள்.

கையில் பணம் குறைவு என்றால் திருப்பூர் காதர்பேட்டை இருக்கிறது. வெளிநாட்டு ஆர்டரில் மிஞ்சியதும் தரச் சோதனையில் கழித்ததும் அங்கே குவியும். ஐரோப்பிய அளவுகள் நம் அளவை விடப் பெரிதாக வரும், லேபிளையும் வெட்டியிருப்பார்கள். ஆகவே எண்ணை நம்பாமல், அவனுக்குப் பொருந்துகிற ஒரு டிசர்ட்டை வீட்டிலிருந்து எடுத்துப்போய் மேலே வைத்துப் பாருங்கள். கழித்த சரக்கு, அதாவது செகண்ட்ஸ் என்றால் வெளிச்சத்தில் பிடித்து ஓட்டை, எண்ணெய்க் கறை, உடம்புக்கும் கைக்கும் நிற வேறுபாடு மூன்றையும் பாருங்கள். உங்கள் ஊரிலிருந்து அவ்வளவு தூரம் வர முடியாது என்றால், நம் ஊர்களில் எக்ஸ்போர்ட் சர்ப்ளஸ் என்று போர்டு மாட்டிய கடைகளிலும் இதே பார்வை போதும். எல்லாக் கடையிலும் இருப்பது உண்மையான சர்ப்ளஸ் அல்ல. துணி நன்றாக இருந்தால் போர்டைப் பற்றிக் கவலை வேண்டாம்.

யூனிஃபார்ம் பேண்ட்டையே லூசாக்கித் தரச் சொன்னால்? பள்ளி விதியைப் பாருங்கள். விதிக்குள் அரை அங்குலம் விட்டுத் தர முடியுமென்றால் தரலாம். அதற்கு மேல் போனால் பி.டி. சாரிடம் மாட்டிக்கொண்டு வகுப்பு முன்னால் நிற்பவன் அவன்தான் என்று பொறுமையாகச் சொல்லுங்கள், புரிந்துகொள்வான்.

உடுப்பில் எவ்வளவோ விட்டுக்கொடுக்கலாம். ஒன்றில் மட்டும் நான் விட்டுக்கொடுக்கவே மாட்டேன். கூட்டத்தோடு சேர வேண்டும் என்ற அதே ஆசையில்தான் சில ஊர்களில் பையன்கள் மணிக்கட்டில் சாதிக்கொரு நிறத்தில் கயிறு கட்டுகிறார்கள். 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் ஒரு பள்ளி மாணவரையும் அவர் தங்கையையும் சக மாணவர்களே வீடு புகுந்து வெட்டினார்கள். அதன் பிறகு அரசு அமைத்த நீதிபதி சந்துருவின் ஒரு நபர் குழு, 2024 ஜூனில் தந்த அறிக்கையில் இப்படிப்பட்ட கயிறுகளையும் அடையாளங்களையும் பள்ளியில் தடை செய்யப் பரிந்துரைத்தது. பையன் கையில் புதிதாக ஒரு கயிறு தெரிந்தால் அழகுக்கு என்று விட்டுவிடாதீர்கள். யார் கொடுத்தது, எல்லோரும் கட்டுகிறார்களா, யார் கட்டவில்லை என்று உட்காரவைத்துக் கேளுங்கள். அன்றே கழற்றச் சொல்லுங்கள்.

மற்றதிலெல்லாம் அவன் கையில் விடுங்கள். 1994இல் காதலன் படம் வந்த காலத்தில் உங்கள் வீட்டு அண்ணன்மார் பிரபுதேவாவைப் பார்த்துத் தொளதொள பேண்ட் கேட்டு அலைந்தது உங்களுக்கு நினைவிருக்கும். தாத்தாக்கள் அப்போது சொன்னதைத்தான் இப்போது நாம் சொல்லிக்கொண்டிருக்கிறோம். ‘என்னடா நைட்டி மாதிரி’ என்று பெரியப்பா ஆரம்பித்தால், சிரிக்காமல் நீங்கள் குறுக்கே வந்து பேச்சை மாற்றுங்கள். அவனுக்கு அது போதும்.

இந்த ஞாயிற்றுக்கிழமை போகிறீர்கள் அல்லவா? இரண்டு டிசர்ட், ஒரு ஜீன்ஸ், அவ்வளவுதான். எவ்வளவு பணம் என்று வீட்டிலேயே சொல்லி அவன் கையில் கொடுத்துவிடுங்கள். டியூஷனில் யார் போடுவது அவனுக்குப் பிடிக்கிறது என்று கேட்டு, போனில் படம் இருந்தால் பார்த்துக்கொள்ளுங்கள். கடையில் டிரையல் ரூமுக்கு வெளியே நில்லுங்கள். ‘முப்பது பத்தலையாடா’ என்று அங்கிருந்து சத்தம் போடாதீர்கள். அவன் எடுத்தது உங்களுக்குப் பிடிக்காவிட்டாலும் கழுத்து ரிப்பும் தையலும் சரியாக இருந்தால் பில் போடச் சொல்லிவிடுங்கள். அலமாரியில் கிடக்கிறதே அந்த டபுள் எக்ஸெல், அதில் லேபிள் இருந்தால் பில்லோடு எடுத்துப்போய் மாற்றித் தருவார்களா என்று கேட்டுப் பாருங்கள். இல்லையென்றால் அவன் அப்பாவுக்குச் சரியாக இருக்கும்.