தீ வைத்தவனா குற்றவாளி?

தலைநகர் டில்லியிலே மூச்சு முட்டுகிறது, கண் எரிகிறது! யார் செய்த வினை? வண்டிப் புகையும் ஆலைப் புகையும் மறந்துபோகின்றன. விரல் நீள்கிறது பஞ்சாப், அரியானா உழவன் பக்கம். வயலிலே தீ வைத்தான், வானத்தைக் கெடுத்தான் என்று குற்றச்சாட்டு! தண்டமும் 2024 நவம்பரில் இரட்டிப்பாயிற்று. 5 ஏக்கருக்கு மேல் உள்ளவன் 30,000 ரூபாய் கட்டவேண்டுமாம்.

ஏன் வைத்தான் தீயை? ஆசையா? நிலத்தடி நீரைக் காக்கப் பஞ்சாபில் 2009-இல் சட்டம் வந்தது. நடவு தள்ளிப்போயிற்று, அறுவடையும் தள்ளிப்போயிற்று. நெல்லை அறுத்துக் கோதுமை விதைக்க இரண்டு மூன்று வாரமே இடைவெளி. அறுவடை எந்திரமோ தாளை வயலிலேயே விட்டுச் செல்கிறது. அள்ளக் கூலி, கட்ட எந்திர வாடகை, ஏற்ற வண்டிக் கூலி, இத்தனைக்கும் பணம் ஏது? தீக்குச்சிதான் மலிவு!

"எரிக்காதே, எரிபொருளாக்கு" என்கிறார்கள். நல்ல பேச்சு, நாமும் வரவேற்கிறோம். ஆனால் வைக்கோல் என்ன கரும்பா, பிழிந்ததும் சாறு கொட்ட? சர்க்கரை உண்டு, செல்லுலோஸ் என்னும் பெட்டகத்திலே. அதைச் சுற்றி லிக்னின் என்னும் மதில். மதில் தளராமல் நொதி நுழையாது. நொதி நுழையாமல் சர்க்கரை வராது. சர்க்கரை வராமல் எத்தனால் ஏது? ஆகவே வைக்கோலை நறுக்கி, நீர்த்த அமிலத்திலே நனைத்து, 150 முதல் 220 பாகை வரை சூடான நீராவியிலே வேகவைத்து, அழுத்தத்தைச் சட்டென விடுவிக்கிறார்கள். நார் வெடித்துத் தளர்கிறது. வேக்காடு குறைந்தால் மதில் நிற்கும். மிகுந்தாலோ சர்க்கரையே சிதைந்து, ஈஸ்டை முடக்கும் பர்பூராலாகும். போதாக்குறைக்கு நெல் வைக்கோலிலே சிலிக்கா, ஒட்டிய மண். எந்திரத்தின் பல்லையே தேய்த்துவிடும்!

செல்வச் செழிப்புள்ள அமெரிக்காவே இடறியது இந்தப் பாதையிலே. மக்காச்சோளத் தட்டையை நம்பிக் கான்சாஸ் மாநிலத்து ஹியூகோட்டனில் 2014-இல் திறந்த ஆலை மறு ஆண்டே நின்றது. அயோவாவில் டியூபான்ட் 2015-இல் திறந்த ஆலை 2017-இல் விற்பனைக்கு வந்தது. காரணங்கள் பல, தட்டையைச் சேர்ப்பதும் பதப்படுத்துவதும் தந்த தொல்லை அவற்றிலே முக்கியமானது.

நம் நாட்டிலே, அரியானாவின் பானிப்பட்டில் 2022 ஆகஸ்ட் 10 அன்று இந்தியன் ஆயில் ஆலையைப் பிரதமர் நாட்டுக்கு அளித்தார். செலவு 900 கோடி ரூபாய்க்கு மேல்; ஆண்டுக்கு 2 லட்சம் டன் வைக்கோல், 3 கோடி லிட்டர் எத்தனால் என்பது திட்டம். பாராட்டுகிறோம்! ஆனால் பஞ்சாபில் மட்டும் விளையும் நெல் வைக்கோல் ஆண்டுக்கு ஏறத்தாழ 2 கோடி டன். திட்டம் முழுதாக நிறைவேறினாலும் நூற்றில் ஒரு பங்குதான்! மீதி 99 பங்குக்கு வழி?

நாம் கேட்பது சலுகையல்ல, கணக்கு. வயலோரத்திலே வைக்கோலுக்கு விலை எவ்வளவு? கட்டும் எந்திரம் விதைப்புக்கு முன் வருமா? வைக்கோலின் பூட்டை நீராவி உடைக்கும். உழவன் கையிலே மாட்டிய பூட்டை உடைப்பது யார்? இதற்கு விடை சொல்லட்டும், பிறகு வசூலிக்கட்டும் தண்டத்தை!