காந்தப்புலமும் கணிப்பொறியும்

மின்மாற்றி, மோட்டார், மின்காந்தம் முதலியவற்றினுள் காந்தப்புலம் எவ்வாறு பரவுகிறது என்பதைக் கண்ணால் காண இயலாது. அதனை ஆளும் விதிகளை மாக்ஸ்வெல் 1865-இல் வெளியிட்டார். ஆயினும் வளைவும் மூலையும் உடைய கருவிகளுக்கு அச்சமன்பாடுகளைக் கையால் தீர்ப்பது பெரும்பாலும் இயலாத காரியம். இங்கே துணைபுரிவதே வரம்புறு கூறு முறை. கருவியின் வடிவத்தைச் சிறுசிறு முக்கோணங்களாகப் பகுத்து, ஒவ்வொன்றிலும் புலம் எளிய முறையில் மாறுவதாகக் கொண்டு, அனைத்தையும் இணைத்துக் கணிப்பொறி விடை காண்கிறது. இதன் அடிப்படைக் கருத்தைக் கூரன்ட் என்னும் கணித அறிஞர் 1943-இல் வெளியிட்டார். 1960-களின் இறுதியில் கனடாவில் பீட்டர் சில்வெஸ்டர் இதனை மின்காந்தத் துறையில் கையாண்டார்.

ஓர் எடுத்துக்காட்டைக் காண்போம். 20 செ.மீ. சுற்றளவுள்ள இரும்பு வளையத்தில் 1 மி.மீ. இடைவெளி உள்ளது, அதன்மேல் 500 சுற்றுக் கம்பிச்சுருளில் 2 ஆம்பியர் மின்னோட்டம் பாய்கிறது. முதலில் கைக்கணக்கு வேண்டும். இரும்பின் ஒப்பு உட்புகு திறன் 2000 எனின், இடைவெளியில் காந்தப்புலம் சுமார் 1.14 டெஸ்லா ஆகும்.

அடுத்து வடிவத்தை வரைந்து, ஒவ்வொரு பகுதிக்கும் பொருளைக் குறிக்க வேண்டும். சுருளின் இரு பக்கங்களிலும் மின்னோட்டத்தின் திசை எதிரெதிராக இருத்தல் அவசியம். சுற்றியுள்ள காற்றையும் வரைந்து, அதன் எல்லையைக் கருவியின் ஆரத்தைப்போல் குறைந்தது ஐந்து மடங்கு தொலைவில் அமைத்தல் நலம். எல்லை நெருங்கினால் காந்தக் கோடுகள் செயற்கையாக நெருக்கப்படும். முக்கோண வலை குறுகிய இடைவெளியில் நெருக்கமாகவும், தொலைவில் அகன்றும் இருக்கலாம்.

மின்னோட்டத்தை 6 ஆம்பியராக உயர்த்தும்போதுதான் பெரும் பிழை நேரக்கூடும். உட்புகு திறனை மாறா எண்ணாகக் கொடுத்திருப்பின், கணிப்பொறி 3.4 டெஸ்லா என்று தயங்காமல் விடை கூறும். உண்மையில் மென்னிரும்பு சுமார் 2 டெஸ்லாவிலேயே தெவிட்டிவிடுகிறது. இழுவிசை புலத்தின் இருபடியைப் பொறுத்ததாகையால், கணித்த விசை உண்மையைப்போல் ஏறக்குறைய மூன்று மடங்காகிவிடும். அக்கணிப்பை நம்பிச் செய்த பளுதூக்கும் காந்தம் சுமையை நழுவ விடும். ஆகவே, இரும்பின் காந்தமாக்கல் வளைகோட்டையே கொடுத்தல் வேண்டும்.

இறுதியாக, முக்கோணங்களின் அளவைப் பாதியாக்கி மீண்டும் கணிக்க வேண்டும். இடைவெளியின் நடுவில் விடை நூற்றில் ஒரு பங்குக்கும் குறைவாக மாறினால் வலை போதுமானது. கூரிய மூலைகளில் மட்டும் வலை நெருங்குந்தோறும் எண் ஏறிக்கொண்டே போகக்கூடும். அதனை விடையாகக் கொள்ளலாகாது.

டேவிட் மீக்கர் உருவாக்கிய எஃப்.இ.எம்.எம். என்னும் மென்பொருள் இத்தகைய இருபரிமாணக் கணக்குகளுக்கு விலையின்றிக் கிடைக்கிறது. பள்ளியிலேயே இவ்வளையத்தைச் செய்து, கணிப்பை அளவையோடு ஒப்பிட்டுக் காட்டலாம். வண்ணப்படத்தின் அழகு விடையின் உண்மைக்குச் சான்றாகாது. கைக்கணக்கும் அளவையுமே அதற்குச் சான்று என்பதை மாணவர் அதனால் உணர்வர்.