50 வயதில் பென்சனா? 58 வரை வேலையா? ஈக்காட்டுத்தாங்கல் பட்டறைகளில் ஓயாத கணக்கு!

சென்னை ஈக்காட்டுத்தாங்கலில் சாயங்காலம் ஷிப்டு முடியும் நேரம். பக்கத்தில் கிண்டி தொழிற்பேட்டையில் இருந்து ஆட்கள் கும்பல் கும்பலாக வெளியே வருகிறார்கள். டீக்கடை பெஞ்சில் உட்கார இடம் இல்லை.

அங்கே அரசியல் உண்டு, சினிமா உண்டு. ஆனால் தலை நரைத்தவர்கள் நாலு பேர் சேர்ந்தால், பேச்சு சுற்றிச் சுற்றி ஒரே இடத்தில்தான் வந்து நிற்கும்.

"இன்னும் எத்தனை வருஷம்தான் லேத்துல நின்னு மாரடிக்கறது? எழுதிக் கொடுத்துட்டு பென்சனை வாங்கிட்டுப் போயிடலாமா? இல்லே, பல்லைக் கடிச்சிக்கிட்டு 58 வரைக்கும் ஓட்டிடலாமா?"

இதுதான் அந்தப் பேச்சு.

1958-ல் உருவானது கிண்டி தொழிற்பேட்டை. இப்போது அதை ஒட்டி கண்ணாடி மாளிகைகளும் கம்ப்யூட்டர் கம்பெனிகளும் வந்துவிட்டன. ஆனாலும் லேத்து, வெல்டிங், பெயிண்டு வேலையை நம்பி வாழ்கிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். நாள் முழுக்க நின்று வேலை செய்தவர்களுக்கு 50 வயதிலேயே முழங்கால் மக்கர் பண்ணுகிறது. கண் மங்குகிறது. ஆசை வராமல் என்ன செய்யும்?

டெலிபோன்காரர் கதை

இந்தப் பேச்சு வந்தால், கூடவே வருவது டெலிபோன் இலாகாக்காரர்கள் கதை.

2019-ம் ஆண்டு பி.எஸ்.என்.எல். நிறுவனத்தில் சம்பளமே தேதிக்கு வராத நேரம். நவம்பர் 4-ந்தேதி விருப்ப ஓய்வு திட்டம் வந்தது. 50 வயது ஆனவர்கள் எழுதிக் கொடுக்கலாம். முடிந்த சர்வீசில் வருடத்துக்கு 35 நாள் சம்பளம், பாக்கி இருக்கும் சர்வீசில் வருடத்துக்கு 25 நாள் சம்பளம் என்று கணக்கு போட்டு, உச்சவரம்புக்கு உட்பட்டு கருணைத் தொகை கொடுப்பதாக அறிவிப்பு.

யோசிக்கக் கொடுத்த அவகாசம் ஒரே மாதம். டிசம்பர் 3-ந்தேதியோடு கதவு மூடப்பட்டது. 78 ஆயிரம் பேருக்கு மேல் எழுதிக் கொடுத்தார்கள்! 2020 ஜனவரி 31-ந்தேதி ஒரே நாளில் அத்தனை பேரும் வீட்டுக்குப் போனார்கள்.

இரண்டு மாதம்கூட ஆகவில்லை. மார்ச் 25-ந்தேதி நாடு முழுக்க ஊரடங்கு! கடை வைக்கலாம், வேறு வேலை தேடலாம் என்று நினைத்தவர்கள் கணக்கு என்ன ஆகும்? சொல்ல வேண்டியதில்லை.

ஆனால் ஒன்று. 2000-ம் ஆண்டு பி.எஸ்.என்.எல். பிறப்பதற்கு முன்பே அரசு இலாகாவில் சேர்ந்தவர்களுக்கு மாதா மாதம் அரசு பென்சன் இருந்தது. அடுப்பு எரிந்தது.

"அவங்களே போயிட்டாங்க, நாம போனா என்ன?" என்று கேட்கும் பட்டறைத் தொழிலாளி இந்த இடத்தில்தான் கோட்டை விடுகிறார். அவருக்கு வருவது அரசு பென்சன் அல்ல. பி.எப். மூலம் வரும் தொழிலாளர் பென்சன். அதன் கணக்கே வேறு.

கணக்கு இதுதான்

பி.எப். பென்சனுக்கு குறைந்தது 10 வருட சர்வீஸ் வேண்டும். முழு பென்சன் 58 வயதில். வேலையை விட்டவர் 50 வயதில் இருந்தே கேட்கலாம். ஆனால் 58-க்கு எத்தனை வருடம் முந்துகிறாரோ, அத்தனை வருடத்துக்கும் 4 சதவீதம் வீதம் வெட்டு. இந்த வெட்டு ஆயுள் முழுவதும் தொடரும்.

பென்சனுக்கான சம்பளத்தை சர்வீஸ் வருடத்தால் பெருக்கி 70-ஆல் வகுத்தால் மாத பென்சன். கையில் வாங்கும் சம்பளம் எவ்வளவு இருந்தாலும், பெரும்பாலோருக்கு 2014 செப்டம்பர் முதல் கணக்கில் எடுப்பது 15 ஆயிரம் ரூபாய்தான். அதாவது, ஒரு வருடம் கூடுதலாக வேலை செய்தால் மாத பென்சனில் 214 ரூபாய் ஏறும்.

உதாரணத்துக்கு ஒரு தொழிலாளி. 50 வயதிலேயே 20 வருட சர்வீசைத் தாண்டியவர். 58 வரை இருந்தால் அவருக்கு மாதம் 5 ஆயிரம் ரூபாய் வரும் என்று வைத்துக்கொள்வோம்.

அவர் 50-லேயே விட்டால், எட்டு வருட சர்வீஸ் போச்சு. அதில் 1,714 ரூபாய் குறையும். மிச்சம் 3,286 ரூபாய். அதிலும் எட்டு வருடத்துக்கான வெட்டு விழும். கடைசியில் கைக்கு 2,400 ரூபாய்கூட வராது!

"எட்டு வருஷம் முன்னாடியே வாங்கறோமே, அது லாபம் இல்லையா?" என்று கேட்கலாம். லாபம்தான். எட்டு வருடத்தில் சுமார் 2 லட்சத்து 25 ஆயிரம் ரூபாய் வரும். ஆனால் 58-க்குப் பிறகு மாதம் 2,600 ரூபாய்க்கு மேல் துண்டு விழும். 65 வயது வாக்கில் அந்த லாபம் கரைந்துவிடும். அதற்குப் பிறகு உயிரோடு இருக்கும் ஒவ்வொரு மாதமும் நஷ்டம்.

இது போக, எட்டு வருட சம்பளம். மாதம் 15 ஆயிரம் என்றாலே 14 லட்சத்து 40 ஆயிரம் ரூபாய்!

மனைவிக்கும் அடி

பென்சன் வாங்குகிறவர் இறந்துவிட்டால், அவர் வாங்கிய தொகையில் பாதிதான் மனைவிக்குப் போகும். அது ரொம்பவும் குறைந்தால், 1,000 ரூபாய் என்ற அடிமட்டத் தொகை கிடைக்கும். புருஷன் 50 வயதில் போடும் கையெழுத்து, அவர் போன பிறகும் மனைவியின் தட்டில் கை வைக்கும்.

விடுவது வேறு, வாங்குவது வேறு

அப்படியானால் உடம்பு முடியாதவர் என்ன செய்வது? லேத்திலேயே விழுந்து சாகவா?

வேண்டாம். பலருக்குத் தெரியாத விஷயம் இது. வேலையை விட்டால் உடனே பென்சனும் வாங்கித்தான் ஆக வேண்டும் என்று கட்டாயம் இல்லை. பி.எப். ஆபீசில் சர்வீசுக்கு அத்தாட்சி சான்றிதழ் வாங்கி வைத்துக்கொண்டு, 58 வயது ஆனதும் மனு போடலாம். இந்த 4 சதவீத வெட்டு விழாது. நடுவில் வாட்ச்மேன் வேலையோ, சின்னக் கடையோ, வயிற்றைக் கழுவ ஒரு வழி இருந்தால் போதும்.

உடம்பில் தெம்பு உள்ளவர்களுக்கு இன்னொரு வழியும் உண்டு. 58-ல் வாங்காமல் 60 வரை தள்ளிப் போட்டால், வருடத்துக்கு 4 சதவீதம் கூடும். 5 ஆயிரம் ரூபாய், ஒரே வருடத்தில் 5,200 ஆகும்.

ஆக, கேள்வி "எப்போ வேலையை விடறது?" என்பது மட்டும் அல்ல. "எப்போ பென்சனுக்கு மனு போடறது?" என்பதும்தான். முதல் கேள்விக்கு முழங்கால் பதில் சொல்லும். இரண்டாவது கேள்விக்கு பேப்பரும் பென்சிலும் வேண்டும்.

அடுத்த வீட்டுக்காரர் போட்ட கணக்கைப் பார்த்து கையெழுத்துப் போடுவது ஆபத்து. மனுவில் பேனாவை வைப்பதற்கு முன், வீட்டில் மனைவியையும் பக்கத்தில் உட்கார வைத்து ஒரு தடவை கூட்டிப் பார்ப்பது நல்லது.