சரக்குவண்டியும் அதன் ஆண்டும்

அமெரிக்க நீராவிக்காலச் சரக்குவண்டிகளுக்கு மாதிரி செய்வோர் முதலில் ஓர் ஆண்டைத் தெரிந்துகொள்ளல் வேண்டும் என்போம். 40 அடிப் பெட்டிவண்டி, 87இல் ஒரு பங்காகக் குறுகின் ஏறக்குறைய 5½ அங்குலமாகும். அளவு எளிது, காலமே அரிது.

1933 முதற் புதுவண்டிகளில் ‘ஏபி’ வகைக் காற்றுப் பிறேக்கு அமைந்தது. பழைய ‘கே’ வகையுடைய வண்டிகள், 1953இன் பின் ஒரு கம்பனியின் பாதையினின்று மற்றொன்றின் பாதைக்குச் செல்லுதல் விலக்கப்பட்டது. ஆதலின் 1955ஆம் ஆண்டுத் தொடரில், பிற கம்பனியிலிருந்து வந்த வண்டிக்குக் ‘கே’ பிறேக்கு வைத்தல் பிழை. வண்டியின் அடியை யார் குனிந்து பார்ப்பார் என்பாருமுளர், நாம் பார்ப்போம்!

பழம்படத்தின் காலத்தை அறிய வண்டியின் பக்கமே உதவும். நிறை மீண்டும் பார்த்தபோது, வெற்றெடையின் அருகே நிலையக் குறியையும் மாதத்தையும் ஆண்டையும் எழுதினர். படம் அம்மாதத்திற்கு முந்தியதாகாது. தொழிற்சாலை எடுத்த படமோ வண்டியின் பிறந்தநாட் கோலத்தையே காட்டும். பின்னர் மாற்றிய பிறேக்கை அதிற் காணல் இயலாது.