கோரிக்கை மேடையைத் தாங்கும் கைகள்

சமூகக் கோரிக்கைகளை முன்வைத்து நடத்தப்படும் பெரிய இசை நிகழ்ச்சிகளைப் பற்றி இரண்டு கருத்துகள் நிலவுகின்றன. இளைஞர்களைப் பொதுப் பிரச்சினைகளின்பால் ஈர்ப்பதற்கு இது நல்ல வழி என்பது ஒன்று. பாட்டுக் கேட்க வந்த கூட்டத்தைப் போராட்டக் கூட்டமாகக் கணக்குக் காட்டும் வேலை இது என்பது மற்றொன்று. பத்தாண்டுகளுக்கும் மேலாக இத்தகைய நிகழ்ச்சிகளில் மேடை நிர்வாகப் பணி செய்து வருபவன் நான். இவ்விரு கருத்துகளுமே மேடையின் முன்புறத்தை மட்டும் பார்த்துச் சொல்லப்படுபவை என்று எனக்குத் தோன்றுகிறது. நிகழ்ச்சி எந்தக் கோரிக்கையை முழங்குகிறதோ, அந்தக் கோரிக்கைக்கு அதன் பின்புறத்தில் என்ன மதிப்பு இருக்கிறது என்பதையும் பார்த்தாக வேண்டும்.

செயலுக்கு ஈடாகச் சீட்டு

இன்று நாம் காணும் வடிவத்துக்கு ‘குளோபல் சிட்டிசன்’ விழா ஒரு முக்கிய முன்மாதிரி. ஐ.நா. பொதுச் சபை கூடும் நாட்களையொட்டி, 2012 செப்டம்பரில் நியூயார்க்கின் சென்ட்ரல் பார்க்கில் அது முதன்முறையாக நடைபெற்றது. பெரும்பாலான சீட்டுகள் விலைக்கு விற்கப்படுவதில்லை. கோரிக்கை மனுவில் கையெழுத்திடுவது, மக்கள் பிரதிநிதிகளுக்கு மின்னஞ்சல் அனுப்புவது, சமூக வலைதளத்தில் பிரச்சினையைப் பேசுவது போன்ற செயல்களைச் செய்தவர்களுக்கே சீட்டு பெறும் வாய்ப்பு. உலகத் தலைவர்கள் கூடியிருக்கும் நகரத்தில் இளைஞர் கூட்டத்தைத் திரட்டிக் காட்டினால், அரசுகளிடமிருந்து நிதி வாக்குறுதிகளைப் பெறலாம் என்பது இதன் அடிப்படை.

2016 நவம்பர் 19 அன்று அந்த விழா மும்பை பாந்த்ரா-குர்லா வளாகத்தின் எம்.எம்.ஆர்.டி.ஏ. மைதானத்துக்கு வந்தது. கோல்ட்பிளே, ஜே-ஸீ, ஏ.ஆர்.ரஹ்மான் ஆகியோர் மேடையேறினர். ஏறத்தாழ 80,000 பேர் திரண்டனர். பிரதமர் காணொலி வழியே உரையாற்றினார். கல்வி, பாலினச் சமத்துவம், குடிநீர் - சுகாதாரம் ஆகியவை அன்றைய கருப்பொருள்கள். மேடைப் பின்புறத்தில் இயங்கிய பல குழுக்களில் ஒன்றில் நானும் இருந்தேன். உயர்மதிப்பு நோட்டுகள் செல்லாது என்று அறிவிக்கப்பட்டு அன்றோடு 11 நாட்கள். சாரம் கட்டுவோர், சுமை இறக்குவோர், கேபிள் இழுப்போர் என மேடைத் தொழிலைத் தாங்குபவர்கள் பெரும்பாலும் ரொக்கக் கூலியை நம்பி வாழ்பவர்கள். ஏழ்மை ஒழிப்புக்கான விழா நெருங்கிய அந்த நாட்களில், நாடெங்கும் அவர்களைப் போன்றவர்கள் வங்கி வாசல்களில் நின்றுகொண்டிருந்தார்கள்.

ஒலியும் உரையும்

மேடைப் பின்புறத்தின் முதல் கவலை ஒலி. காற்றில் ஒலியின் வேகம் நொடிக்குச் சுமார் 343 மீட்டர். மேடையிலிருந்து 100 மீட்டர் தொலைவில் நிற்பவரை அது அடைய ஏறக்குறைய 0.3 நொடி ஆகும். மைதானத்தின் நடுவே ஒலிபெருக்கிக் கோபுரங்களை நிறுத்தி, மேடை ஒலியோடு அவை ஒத்துப்போகும்படி கணக்கிட்டுத் தாமதப்படுத்தாவிட்டால், ஒரே சொல் இரண்டு முறை காதில் விழும். பாட்டில் இந்தக் குறை ஓரளவுக்கு மறைந்துவிடும், பேச்சில் மறையாது. கோரிக்கை நிகழ்ச்சியில் பேச்சுதான் உயிர். பின்வரிசை இளைஞருக்கு உரை புரியவில்லை என்றால், அவரைப் பொறுத்தவரை அங்கே நடந்தது வெறும் கச்சேரிதான்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். ஒரு குழுவின் வாத்தியங்களை அகற்றி, அடுத்த குழுவின் வாத்தியங்களை நிறுத்தி, மைக்குகளைச் சரிபார்க்க எங்களுக்குக் குறைந்தது கால் மணி நேரமாவது வேண்டும். 1985 ஜூலை 13 அன்று எத்தியோப்பியப் பஞ்ச நிவாரணத்துக்காக லண்டனிலும் பிலடெல்பியாவிலும் நடந்த ‘லைவ் எய்ட்’ நிகழ்ச்சியில், இந்த இடைவெளியைக் குறைக்கச் சுழலும் மேடை அமைத்தார்கள். அந்த வசதி இல்லாத இடங்களில் உரைகளும் குறும்படங்களும்தான் இடைவெளியை நிரப்புகின்றன. திரைக்கு முன்னால் ஒருவர் பெண் கல்வியைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கும்போது, பின்னால் நாங்கள் டிரம்ஸ் பலகையைத் தள்ளிக்கொண்டிருப்போம். பார்வையாளர்களில் ஒரு பகுதி அந்த நேரத்தில்தான் தண்ணீர் குடிக்கப் போகும். கோரிக்கையை இடைவேளை ஆக்கிவிடாமல், பாடகரே பாடலுக்கு நடுவே பேசும்படி நிரலை அமைத்த நிகழ்ச்சிகளில், கூட்டம் அசையாமல் நின்று கேட்டதைப் பார்த்திருக்கிறேன். நிரலை எழுதுபவர் நினைத்தால் முடியும்.

உயிர் காக்கும் கணக்கு

இரண்டாவது கவலை நெரிசல். ஒரு சதுர மீட்டரில் ஐந்து பேருக்கு மேல் நெருங்கும்போது, தனிமனிதர் தம் விருப்பப்படி நகர முடியாத நிலை உருவாகத் தொடங்குகிறது. கூட்டம் நீரைப் போல அலைபாயும். அதனால்தான் மைதானத்தைத் தடுப்புகளால் பகுதிகளாகப் பிரிக்கிறோம். மேடைக்கும் முதல் வரிசைக்கும் இடையே ஒரு பாதையை விடுகிறோம். மயங்கியவர்களைத் தூக்கி எடுப்பதற்கும், தண்ணீர் கொடுப்பதற்குமான பாதை அது. புகைப்படக்காரர்களுக்கென்று பலரும் அதை நினைத்துக்கொள்கிறார்கள். 2021 நவம்பரில் அமெரிக்காவின் ஹூஸ்டன் நகரில் நடந்த ‘ஆஸ்ட்ரோவேர்ல்டு’ விழா நெரிசலில் 10 பேர் இறந்தார்கள். 2023 நவம்பர் 25 அன்று கொச்சி அறிவியல் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில், இசை நிகழ்ச்சி தொடங்கும் முன்பே நுழைவாயில் படிகளில் ஏற்பட்ட நெரிசல் 4 உயிர்களைப் பறித்தது. நிகழ்ச்சியை நிறுத்தும் அதிகாரம் யாரிடம் இருக்கிறது என்பது மேடையில் இருக்கும் ஒவ்வொருவருக்கும் முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும். இது எழுத்தில் இல்லாத இடத்தில் நான் பணி ஏற்பதில்லை.

எந்தக் கழிப்பறை?

மூன்றாவது, யாரும் பேச விரும்பாதது: கழிப்பறையும் குப்பையும். சில ஆண்டுகளுக்கு முன்பு வேறொரு நகரில், சுகாதாரத்தை வலியுறுத்திய இளைஞர் இசை நிகழ்ச்சி ஒன்றில் பணியாற்றினேன். பின்புறத்தில் ஒவ்வொருவர் கையிலும் ஒரு வண்ணப் பட்டை கட்டப்பட்டிருக்கும். எந்தப் பகுதிக்குள் யார் செல்லலாம் என்பதை அந்த வண்ணம்தான் தீர்மானிக்கும். மாலையில் தூய்மைப் பணியாளர் ஒருவர் என்னிடம் வந்து, “எங்களுக்கு எந்தக் கழிப்பறை, தம்பி?” என்று கேட்டார். நாற்பதைக் கடந்த பெண். கலைஞர்களுக்கான கழிப்பறைகளைக் காலையிலிருந்து சுத்தம் செய்துகொண்டிருந்தவர் அவர். அவரது பட்டை அந்தக் கழிப்பறைகளைக் கழுவ அனுமதித்தது, பயன்படுத்த அனுமதிக்கவில்லை. பொதுக் கழிப்பறைகளோ மைதானத்தின் மறுகோடியில், கூட்டத்துக்கு அப்பால் இருந்தன. ஒப்பந்தக்காரர் அமைப்பாளரைக் கைகாட்டினார். அமைப்பாளர் ஒப்பந்தக்காரரைக் கைகாட்டினார். ஒரு மணி நேர வாக்குவாதத்துக்குப் பிறகே இரண்டு கழிப்பறைகள் பணியாளர்களுக்கு ஒதுக்கப்பட்டன. அந்த நேரத்தில் மேடையில் கழிப்பறை உரிமை பற்றிய குறும்படம் ஓடிக்கொண்டிருந்தது.

இதை அங்கிருந்த யாருடைய கொடுமைக்கும் சான்றாக நான் சொல்லவில்லை. அமைப்பாளர், நிகழ்ச்சி நிறுவனம், ஒப்பந்தக்காரர், துணை ஒப்பந்தக்காரர் என்று பொறுப்பு கைமாறிக்கொண்டே போகும்போது, கடைசியில் நிற்கும் மனிதர் எவர் கணக்கிலும் வருவதில்லை. நம் சமூகத்தில் அந்தக் கடைசி இடம் எந்தச் சாதியினருக்கு ஒதுக்கப்பட்டிருக்கிறது என்பதைச் சொல்லத் தேவையில்லை.

வாக்குறுதிக்குப் பிறகு

கணக்கு வழக்கும் மேடைப் பின்புறத்தைச் சேர்ந்ததே. 1971 ஆகஸ்ட் 1 அன்று ஜார்ஜ் ஹாரிசனும் பண்டிட் ரவிசங்கரும் நியூயார்க்கில் நடத்திய வங்கதேச நிவாரண நிகழ்ச்சிகளின் நுழைவுச்சீட்டு வருவாய் சுமார் 2,43,000 டாலர் யுனிசெஃபிடம் விரைவிலேயே சேர்ந்தது. ஆனால், அந்நிகழ்ச்சியின் இசைத்தட்டும் திரைப்படமும் ஈட்டிய பெருந்தொகை, வரிவிலக்குக்கான ஏற்பாடு முன்கூட்டியே செய்யப்படாததால் அமெரிக்க வரித் துறையில் ஆண்டுக்கணக்கில் சிக்கிக் கிடந்தது. நல்லெண்ணத்தில் குறையில்லை, தாள்வேலை நடக்கவில்லை. இன்று மேடைகளில் அறிவிக்கப்படும் நிதி வாக்குறுதிகளுக்கும் இது பொருந்தும். அவற்றில் எவ்வளவு புதிய நிதி, எவ்வளவு ஏற்கெனவே வரவுசெலவுத் திட்டத்தில் இருந்தது, எந்த ஆண்டுக்குள் செலவாகும் என்பவற்றைக் கைதட்டல் ஓய்ந்த பின் யாராவது ஒருவர் தொடர்ந்து கேட்டாக வேண்டும்.

இத்தகைய நிகழ்ச்சிகள் வேண்டாம் என்று நான் சொல்ல மாட்டேன். பாட்டுக்காக வந்து, பிரச்சினைக்காகத் தங்கி, இன்று களப்பணியில் இருக்கும் இளைஞர்களை நான் அறிவேன். மின்னஞ்சல் அனுப்பிச் சீட்டு வாங்கியவர்கள் கூடுதலாக மூன்று கேள்விகளை அமைப்பாளர்களிடம் கேட்க வேண்டும் என்பதே என் வேண்டுகோள். சென்ற ஆண்டு மேடையில் தரப்பட்ட வாக்குறுதிகளின் நிலை என்ன? மேடை கட்டியவர்களுக்கும் குப்பை அள்ளியவர்களுக்கும் கூலி, உணவு, காப்பீடு, கழிப்பறை ஆகியவை ஒப்பந்தத்தில் எழுதப்பட்டிருக்கின்றனவா? ஆபத்து நேர்ந்தால் இசையை நிறுத்தும் அதிகாரம் யாரிடம் இருக்கிறது?

சீட்டு பெறுவதற்கான செயல்களின் பட்டியலில் இந்த மூன்று கேள்விகளும் சேர்ந்துவிட்டால், அமைப்பாளர்கள் பதில்களோடுதான் மேடையேற வேண்டியிருக்கும்.